காலி சீட்

விடியற்காலை ஐந்தேகாலுக்கு
நீண்டகரை க்ளீட்டஸ் ஷட்டரைத் தட்டினார்.
"சேச்சி, வண்டியில் ஆளில்லை.
ஆனால் ஆள் உண்டு என்கிறது வண்டி."

ஆரியங்காவு தாண்டியதிலிருந்து
எஸ் வளைவு இறங்கி
புளியரை செக்போஸ்ட் வரைக்கும்
பக்கத்து சீட்டுக்கு பெல்ட் போடு, பெல்ட் போடு என்று
ணிங் ணிங்.
வேகம் கூடினால் அதற்கும் பதற்றம் கூடியதாம்.
ஒரு வளைவில் நிறுத்தி
காலி சீட்டைப் பார்த்துக் கேட்டேவிட்டார்,
இறங்குகிறாயா என்று,
மலையாளத்தில் ஒரு தடவை,
எல்லைப்பக்கம் ஆயிற்றே என்று
தமிழில் ஒரு தடவை.

சாவியைப் போட்டேன். ணிங்.

பழைய வண்டியென்றால் ஒரு பஸ்ஸர் இருக்கும்.
கரண்டு வந்தால் தகடு இழுபடும்,
இழுபட்டால் கரண்டு அறும்,
அறுந்தால் தகடு திரும்பும்,
திரும்பினால் மறுபடி கரண்டு.
போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல்
அது படும் பாடுதான் சத்தம்.

இதில் தகடு இல்லை. மணியும் இல்லை.
மீட்டருக்குப் பின்னால்
ஐந்து ரூபாய்க் காசு அகலத்தில் ஒரு ஸ்பீக்கர்.
அடித்த மணி எப்படித் தேய்ந்து ஓயுமோ
அப்படி ஓயப் பழகிய வெறும் எண்கள்.
கதவு, கைபிரேக், டீசல், அணைக்காத விளக்கு,
எல்லாரும் அந்த ஒரே வாய்க்கு வரிசையில் நிற்கிறார்கள்.
பிரேக் ஆயில் பேசும்போது
பெல்ட் காத்திருக்கும்.
என் வீட்டில் அந்த ஒழுங்கு கிடையாது.

"கிளிப் இருக்குமே, சேச்சி" என்றார்.

இருக்கிறது. இழுப்பறையில்.
பெல்ட் இல்லாத வெறும் நாக்கு, எண்பது ரூபாய்.
பூட்டில் செருகினால் வண்டி நம்பிவிடும்.
வாரத்துக்கு நாலு போகிறது.
வாங்குகிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை,
நானும் பில் போடுவதில்லை.

ஆனால் ஆளில்லாத சீட்டில் எதற்கு அடிக்கிறது?
அது தெரியாமல் வாயை அடைக்க
எனக்குக் கை வரவில்லை.

நாலு போல்ட். பதினாலாம் நம்பர் ஸ்பானர்.
சீட்டைக் கவிழ்த்ததும்
கடை முழுக்க மீன் வாடை.

உறைக்கும் பஞ்சுக்கும் நடுவே
இரண்டு பிளாஸ்டிக் தாள்கள்,
ஒன்றையொன்று தொடாமல் படுத்திருக்கும்.
ஆள் உட்கார்ந்தால் தொடும்.
தொட்டால் வண்டிக்கு அவர் ஆள்.
பெயரோ ஊரோ அது கேட்பதில்லை,
கனம் போதும்.

"முன்சீட்டில் என்ன வைத்தீர்கள்?"
"ஒரு பெட்டி. நெய்மீன்.
பின்னால் இடமில்லை.
புனலூரில் இறக்கிவிட்டேனே!"

பெட்டி இறங்கிவிட்டது.
உருகிய ஐஸ் இறங்கவில்லை.
தாளின் ஓரத்தில் ஒரு கிழிசல்.
அது வழியே உள்ளே போன உப்புத் தண்ணீர்
தாள்கள் தொடாமலே இரண்டையும் தொட வைத்திருக்கிறது.

மலையேறி வந்த கடல் சீட்டில் உட்கார்ந்திருக்க
அதை பெல்ட் போடச் சொல்லி
வழி முழுக்க மன்றாடியிருக்கிறது வண்டி.

இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.
செங்கோட்டை ஏலத்துக்கு ஆறரைக்குள் போகணும் என்றார்.

பாட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் தாளைக் கழுவினேன்.
ஹேர் டிரையரைப் பிடித்தேன், கால் மணி நேரம்.
கிழிசலுக்கு டேப்.
அதன் இரைச்சலில்
முதுகுக்குப் பின்னால் எதுவும் கேட்கவில்லை.

சீட்டை மாட்டி, சாவியைப் போட்டேன்.
எதுவும் சொல்லவில்லை வண்டி.
என் உள்ளங்கையால் சீட்டை அழுத்தினேன். ணிங்.
எடுத்தேன். ஓய்ந்தது.
நானூறு கேட்டேன், முந்நூற்றைம்பது தந்தார்.

வயல் ரோட்டில் அவர் வண்டி திரும்பும்போது
கண்ணாடி இறங்கியிருந்தது.
உள்ளே ணிங் ணிங் என்று கேட்டது.
இந்த முறை சீட்டில் ஆள் உண்டு,
ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு.
புளியமரத்தடியில் சத்தம் நின்றது.
போட்டுக்கொண்டார் என்று நினைத்தேன்.

மத்தியானம் இழுப்பறையைத் திறந்தால்
கிளிப் ஒன்று குறைகிறது.
அது இருந்த இடத்தில்
நாலாய் மடித்த நோட்டுகள், எண்பது ரூபாய்,
ஒன்றின் மேல் செதில் ஒட்டியிருந்தது.